அழகில்லாத தெருவில் ஒரு ஏலம்

ஹெல்டன் பார்க்கில் பார்க் கிடையாது. ஒன்று வரப்போவதாகச் சொல்லி யாரோ பெயர் வைத்தார்கள். பெயர் நின்றது, பார்க் வரவில்லை. மெல்போர்னிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த இடம் வந்ததும் பையிலிருந்து ஃபோனை எடுத்துவிடுவார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரே அச்சில் வார்த்தது போல் செங்கல் வீடுகள், முழங்கால் உயர மதில், மதிலுக்குப் பின்னால் சிமெண்டுத் தரை, தரை நடுவில் ஒரு எலுமிச்சை மரம். அடுத்த வீடும் அதே. அதற்கடுத்ததும் அதே. குடித்துவிட்டு வந்தவன் அடுத்தவன் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகிய கதை இங்கே தெருவுக்கு ஒன்று உண்டு.

இதையெல்லாம் சால்வு போர்ட்டெல்லி முன்னால் சொல்லிவிட முடியாது. கடித்துக் குதறிவிடுவார். சால்வு வாலிபத்தில் மால்ட்டாவிலிருந்து வந்து, ஆயுள் முழுக்க டிராம் ஓட்டி, ஓய்வு பெற்று உட்கார்ந்திருப்பவர். நகரத்தின் அழகான பேட்டைகளையெல்லாம் டிராமின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துச் சலித்தவர். "அழகான ஊர்ல பால் வாங்கணும்னா கார் எடுக்கணும். இங்க செருப்பு போதும்" என்பது அவருடைய வேதம். ஸ்டேஷன் நடக்கிற தூரம், பேக்கரி அதைவிடக் கிட்டே, ஆஸ்பத்திரிக்கு இரண்டே பஸ் நிறுத்தம், வீட்டு வாசலிலேயே கார் நிறுத்தலாம் என்று ஆரம்பித்தால் கேட்பவருக்குக் காது புளிக்கும்வரை ஓயமாட்டார். தன் வீட்டு முற்றம் முழுக்கச் சிமெண்டு போட்டிருந்தார். புல்லுக்கு மரியாதை செய்கிற மாதிரி அதற்குப் பச்சை பெயிண்டும் அடித்திருந்தார். வெட்ட வேண்டாம், உரம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஹோஸைப் பிடித்துக் கழுவிவிட்டால் ஆயிற்று.

மகள் மரிசாவுக்கு இந்த வேதம் பிடிக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "இந்தத் தெருவுல மூச்சு முட்டுதுப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பிப் போனாள். இப்போது கடற்கரைப் பக்கம் மரம் அடர்ந்த ஒரு பேட்டையில், ஹாமிஷ் என்ற கணவனோடு மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் மரக்கிளை கைகொடுக்கும். ஆனால் லிஃப்ட் இல்லை. துணி காயப்போட இடமில்லாமல் நாற்காலி முதுகில் தொங்கும். காரை நிறுத்த ஊரை மூன்று சுற்று சுற்ற வேண்டும். இப்போது அவள் ஆறு மாதம் கர்ப்பம்.

சால்வின் மனைவி கார்மென் இறந்து மூன்று வருஷமாகிறது. அவருக்கு மகள் பக்கத்தில் வேண்டும். குழந்தை பிறப்பதற்கு முன்னால் வேண்டும். விஷயம் அவ்வளவுதான். இதை நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சால்வு வளர்ந்த வீட்டில் ஆண்கள் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை. அதற்குப் பதிலாக ரயில் நேரம் சொல்வார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு ஐவி அம்மாள் தொண்ணூறு தாண்டி நிம்மதியாகக் கண்ணை மூடினாள். பெர்த்தில் இருக்கும் அவளுடைய அண்ணன் மகன், சாவுக்கு வராதவன், வீட்டை விற்க மட்டும் மறுநாளே ஆள் அனுப்பினான். வரும் சனிக்கிழமை வீடு பார்க்கலாம், அதற்கு மூன்று வாரம் கழித்து ஏலம் என்று வாசலில் பலகை முளைத்ததும் சால்வுக்கு ஆண்டவனே கையால் நட்டது போல் இருந்தது. ஓடிப்போய் ஃபோனை எடுத்தார்.

"மரிசா, ஐவி வீடு விலைக்கு வருது. ஏழு லட்சம் டாலருக்குக் கீழ போகும்னு பேசிக்கிறாங்க. உங்க ஊர்ல அந்தக் காசுக்குக் கார் ஷெட்கூட வராது."

"அப்பா, அந்த வீட்டு முகத்தைப் பாத்திருக்கியா?"

"வீட்டுக்கு எதுக்குடி முகம்? கூரை ஒழுகல. பின்னால துணி காயப்போட இவ்ளோ பெரிய இடம். ஸ்டேஷன்..."

"நடக்கிற தூரம். தெரியும்."

"பேக்கரி..."

"அதைவிடக் கிட்ட. தெரியும்ப்பா. நெவில் வீட்டு வாசல்ல அந்த மூணு செத்த காரும் இன்னும் இருக்கா?"

சால்வு கொஞ்சம் யோசித்தார். "ரெண்டுதான் செத்தது. ஒண்ணு ஓடும்னு அவன் சொல்றான்."

மரிசா சிரித்தாள். சிரித்ததனாலோ மாடிப்படி ஏறி ஏறி இடுப்பு விட்டுப்போனதனாலோ, வீடு பார்க்கும் நாளன்று ஹாமிஷோடு வந்து ஒருமுறை பார்ப்பதாகச் சொன்னாள். சால்வு ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடினார்.

எதிர்வீட்டு வாசோ கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். கிரேக்கத்துக்காரி, நாக்கு கத்தி, இந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பூனை குட்டி போட முடியாது.

"என்ன ஆட்டம்?"

சொன்னார். வாசோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவை ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்தக் கோலத்தைப் பாத்தா உன் பொண்ணு வந்த காரைவிட்டு எறங்கவே மாட்டா. வர்ற சனிக்கிழமை ஒருநாளைக்காவது இந்தத் தெருவுக்கு மூஞ்சி கழுவி விடணும்."

"யாரு கழுவுறது?"

"வேற யாரு, பிள்ளை உன் பிள்ளைதானே? நீதான் கழுவணும்."

சால்வு கழுவினார். இந்தத் தெருவில் மதிலுக்கு வெளியே வாசலோரப் புல்லை வெட்டுவதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு: உன் வீட்டு எல்லைவரை வெட்டலாம், ஒரு சாண் தாண்டினாலும் அடுத்த வீட்டுக்காரனைச் சோம்பேறி என்று சொன்னதாக அர்த்தம். சால்வு அந்தச் சட்டத்தை மிதித்துக்கொண்டு தெருமுனைவரை ஒரே மூச்சாக வெட்டித் தள்ளினார். இரண்டு வீட்டுக்காரர்கள் வெளியே வந்து முறைத்தார்கள். செடிக்கடையில், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்றார்கள். பிடிக்காது என்று முதலிலேயே தெரிந்துகொண்டு ஒரு வேன் நிறைய லாவெண்டர் தொட்டி வாங்கி வந்து வீட்டுக்கு இரண்டாக நிறுத்தினார். வாசோ தன் வாசலில் இருந்த சிமெண்டுச் சிங்கங்கள் இரண்டுக்கும் வெள்ளை அடித்தாள். நெவிலிடம் போய்க் கார்களைப் பின்கட்டுக்குத் தள்ளச் சொன்னபோதுதான் வம்பு வந்தது.

"அதுங்களுக்கு அங்க வெயில் படாது சால்வு" என்றான் நெவில், ஆட்டுக்குட்டிகளைப் பற்றிப் பேசுவது போல.

"அடேய், எஞ்சினே இல்லாத காருக்கு வெயில் எதுக்குடா?"

கடைசியில் சால்வு ஒரு வருஷத்துக்கு அவன் புல்லையும் வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். கார்கள் பின்னால் போயின.

வீடு பார்க்கும் சனிக்கிழமை காலையில் சால்வு தெருவுக்கு வந்து நின்று பார்த்தார். அவருக்கே அடையாளம் தெரியவில்லை. லாவெண்டர் மணத்தது. புல் ஒரே மட்டத்துக்கு விரிந்திருந்தது. சிங்கங்கள் பல்விளக்கிய மாதிரி நின்றன. அப்போது முதல் கார் வந்தது. அது மரிசாவின் கார் இல்லை. இரண்டாவதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தெரு நெடுக இதுவரை ஹெல்டன் பார்க் பார்த்திராத பளபளப்பான கார்கள். கையில் காபிக் கோப்பையோடு, கழுத்தில் சால்வையோடு, கம்பளி மூட்டை போன்ற நாய்களோடு ஜனங்கள் இறங்கினார்கள்.

"ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு! இப்படி ஒரு இடம் இருக்கிறதே தெரியாதே!" என்றாள் நாய் வைத்திருந்த ஒருத்தி.

"யாருக்கும் சொல்லாத" என்றான் அவள் கூட வந்தவன், தெருவே கேட்கும்படி.

ஏலக்காரப் பையன் பிரேடன், கூர்மூக்கு ஷூவும் இறுகிய கால்சட்டையுமாக, வாசலில் நின்று குழைந்துகொண்டிருந்தான். போன வாரம் இதே தெருவைப் பார்த்து மூக்கைச் சுளித்தவன், இப்போது வருகிறவர்களிடமெல்லாம் எட்டு லட்சம் என்று தயங்காமல் சொன்னான்.

சால்வு இதைக் கவனிக்கவில்லை. கவனிக்க அவருக்கு நேரமில்லை. வரிசையின் கடைசியில் நர்ஸ் உடுப்போடு சமோவாத் தீவுக்காரப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். வாட்டசாட்டமான உடம்பு, தூக்கம் சொக்கும் கண்கள். லூப்பே என்று பெயர். அவள் பாவம், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்கிள், இங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ் இருக்குங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. அணை உடைந்துவிட்டது. இரண்டே நிறுத்தம் என்பதில் தொடங்கி, ரயில் ஒருநாளும் தவறாது, பேக்கரிக்காரன் விடிவதற்கு முன்னாலேயே கதவைத் திறப்பான், இந்த வீடுகளின் சுவர் எவ்வளவு கனம், கோடையில் எவ்வளவு குளிர்ச்சி, பின்கட்டுக் கொடியில் ஒரு குடும்பத்துத் துணி முழுக்க ஒரே தடவையில் காயும் என்று சால்வு அவளை அரைமணி நேரம் நிற்கவைத்து ஊற்றினார். லூப்பே தலையாட்டிக்கொண்டே கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை முழுசாகக் கேட்ட முதல் ஆத்மா அவள்தான். சால்வுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மரிசாவும் ஹாமிஷும் நடந்து வந்தார்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

"அப்பா, என்னப்பா பண்ணி வச்சிருக்க? இது யார் தெரு?"

"நம்ம தெருதான்! புடிச்சிருக்கா?"

மரிசா சுற்றிலும் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் ஹாமிஷ் பிரேடனிடம் பேசிவிட்டு வந்தான்.

"ஃபிராங்கா சொல்லணும்னா..." என்று ஆரம்பித்துத் தொண்டையைக் கனைத்தான். நல்ல பையன், கெட்ட செய்தி சொல்ல வராது. "எட்டு சொல்றாங்க. நம்மகிட்ட ஏழுக்கு மேல கொஞ்சம்தான் இருக்கு. அவ்ளோ போக முடியாதுங்க."

மரிசா வயிற்றைத் தடவிக்கொண்டாள். "நல்ல கூத்து. அசிங்கமா இருந்தா இருக்க முடியல. அழகா இருந்தா வாங்க முடியல."

"விலை எறங்கும். ஏலத்தன்னைக்கு வா" என்றார் சால்வு. வாய் சொன்னதே தவிர நெஞ்சு கீழே விழுந்து கிடந்தது.

அவர்கள் போனபின் வாசோ சிங்கத்தின் தலையில் கைவைத்து நின்றாள்.

"யோவ், உன் பொண்ணு கண்ணுக்கு அழகாக்கச் சொன்னேன். ஊர் கண்ணுக்கு எல்லாம் யாருய்யா ஆக்கச் சொன்னது?"

"ஊர்க் கண்ணை எப்படிடி மூடுறது?"

"மூடத் தெரியல இல்ல? அப்ப குத்து."

ஹெல்டன் பார்க் நகராட்சி நல்ல நகராட்சி. வீட்டில் வேண்டாத பெரிய சாமான்களை அள்ளிப்போகச் சொல்லி ஃபோன் செய்தால் போதும். வாசலோரப் புல்லில் வைத்துவிடலாம், லாரி வரும். எல்லா வீட்டுக்காரரும் ஒரே நாளுக்குக் கூப்பிடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சால்வுக்கு மனசாட்சி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. விற்கிறவன் வயிற்றில் அடிக்கிறோமே என்றார். "ஐவி சவப்பெட்டியைத் தூக்கினது நீயும் நெவிலும். அவன் ஒரு பூ அனுப்பினானா?" என்று வாசோ கேட்டாள். உறுத்தல் நின்றுவிட்டது.

லாவெண்டர் தொட்டிகள் கடைக்குத் திரும்பிப் போயின. மூன்று வாரம் கழித்து ஏலத்தன்று விடியும்போது தெரு ஒரு பூகம்பத்துக்குப் பின் போல் கிடந்தது. அழகுபடுத்தச் சொன்னபோது முனகிய ஜனம் இதற்கு என்ன உற்சாகம் காட்டியது! ஸ்ப்ரிங் பிதுங்கிய மெத்தைகள், ஒற்றைக்கால் மேஜை, கதவில்லாத ஃப்ரிட்ஜ், யாரோ ஒருவர் வீட்டுக் கழிப்பறைப் பீங்கான், அதற்குள் செருகி வைத்த கிறிஸ்துமஸ் மரம். நெவில் கார்களை முன்னால் கொண்டுவந்ததோடு நிற்காமல் தன் தம்பி வீட்டிலிருந்து நாலாவதாக ஒன்றையும் இழுத்து வந்திருந்தான். வாசோ சிங்கங்களைத் தெருவுக்குப் பின்புறம் காட்டித் திருப்பி வைத்து, மதில் நெடுகத் தன் கணவனின் உள்ளாடைகளைக் காயப்போட்டாள். அந்த மனிதர் கூச்ச சுபாவி. அன்று முழுக்க வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ஒன்றை மட்டும் எல்லாரும் மறந்துபோனார்கள். புல்லில் வைத்த சாமானை யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம் என்பது இந்த ஊர் வழக்கம். இன்ன தெருவில் குப்பை போட்டிருக்கிறார்கள் என்றால் செய்தி காற்றைவிட வேகமாகப் போகும். ஏலத்துக்கு ஆள் வருவதற்கு முன்னாலேயே டிரெய்லர் கட்டிய வண்டிகள் வரிசையாக வந்துவிட்டன. ஒருவன் கழிப்பறைப் பீங்கானைத் தட்டிப் பார்த்தான். இரண்டு பேர் ஒரு சோபாவுக்குச் சண்டை போட்டார்கள். வேடிக்கை பார்க்க வாசோ தன் சாப்பாட்டு மேஜை நாற்காலியைக் கொண்டுவந்து புல்லில் போட்டு உட்கார்ந்திருந்தாள். சண்டையை விலக்குகிறேன் என்று எழுந்து போய் இரண்டு பேரையும் திட்டிவிட்டுத் திரும்பினால் நாற்காலி ஒரு டிரெய்லரின் உச்சியில் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது.

"டேய், அது குப்பை இல்லடா! அது என் கல்யாணத்துக்குப் போட்ட நாற்காலிடா!" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினாள். கிடைக்கவில்லை. மிச்சமிருந்த ஐந்து நாற்காலிக்கும் சேர்த்து அன்று சால்வு வசவு வாங்கினார்.

பளபளப்புக் கார்களும் வந்தன. பிரேடனின் முகம் சுண்டிவிட்டது. "இது வந்து... உயிரோட்டமான தெரு" என்று வருகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தான். நாய்க்காரத் தம்பதி நெவிலின் குப்பையில் ஒரு பழைய விளக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"எவ்ளோ அபூர்வம்! எடுத்துக்கலாங்களா?"

"தாராளமா" என்றான் நெவில். "கூட ஒரு கார் வேணுமா?"

விளக்கையும் ஒரு மர அலமாரியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பரம சந்தோஷமாக, வீட்டுப் பக்கம் திரும்பாமலே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மற்றவர்களும் அப்படித்தான். ஏலம் தொடங்கும்போது காபிக் கோப்பையும் இல்லை, நாயும் இல்லை. தெருவாசிகளும், மரிசாவும் ஹாமிஷும், குப்பை பொறுக்க வந்த நாலு பேரும்தான் நின்றார்கள்.

"ஆரம்பிக்கலாங்களா? ஏழரை?" என்றான் பிரேடன்.  "ஏழு? ... ஆறரை?"

ஹாமிஷ் கையைத் தூக்கினான்.  சால்வு மனசுக்குள் இரண்டு வீட்டுக்கும் நடுமதிலில் ஒரு கதவே வைத்துவிட்டார்; குழந்தை அதன் வழியாக இந்த முற்றத்துக்கும் அந்த முற்றத்துக்கும் ஓட ஆரம்பித்துவிட்டது.

"ஆறு லட்சத்து அறுபதாயிரம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். கதவில்லாத ஃப்ரிட்ஜில் சாய்ந்தபடி, கையில் பேக்கரிப் பொட்டலத்தோடு, நர்ஸ் உடுப்பில் லூப்பே நின்றிருந்தாள்.

ஹாமிஷ் ஏற்றினான். அவள் ஏற்றினாள். அவசரமே இல்லாமல், ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு ஏற்றினாள். சால்வு நைசாக அவள் பக்கம் ஒதுங்கினார்.

"இந்தாம்மா, அன்னைக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இந்த ரயில் இருக்கே, பாதி நாள் வராது."

"ஒருநாளும் தவறாதுன்னீங்களே அங்கிள்? இந்த மூணு வாரமும் அதுல வந்து பாத்தேன். தவறல."

"பேக்கரியை மூடப்போறான்."

லூப்பே கையிலிருந்த ரொட்டியைக் காட்டினாள். "அடுத்த வருஷம் பக்கத்துக் கடையையும் எடுத்து இடிச்சுப் பெருசாக்கறாராம். இப்பதான் சொன்னாரு. ஏழு!" என்றாள் பிரேடனைப் பார்த்து.

சால்வு வியர்த்துப்போனார். "தெருவைப் பாரும்மா. மனுஷன் இருக்கிற தெருவா இது? கண்ணால பாக்க முடியுதா?"

"நான் நைட் ஷிஃப்ட் அங்கிள். பகல்ல தூங்குவேன். அழகான தெருவுலதான் இவ்ளோ நாளா வாடகைக்கு இருந்தேன். போகவர ரெண்டு பஸ் மாறி, அந்த அழகை ஒருநாள்கூட வெளிச்சத்துல பாத்ததில்ல." அவள் அவர் தோளில் பரிவாகக் கைவைத்தாள். "நீங்க மட்டும் அன்னைக்கு அவ்ளோ விவரமா சொல்லலன்னா நான் இங்க திரும்பியே வந்திருக்கமாட்டேன். ரொம்ப நன்றி."

ஹாமிஷ் ஏழு பத்துவரை போனான். அங்கே நின்று மரிசாவைப் பார்த்தான். மரிசா உதட்டைக் கடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். லூப்பே ஏழு பதினொன்று என்றாள். பிரேடன் ஒருமுறை சொன்னான், இரண்டாம் முறை சொன்னான், சுருட்டி வைத்திருந்த தாளால் உள்ளங்கையில் ஓங்கித் தட்டினான். ஐவி அம்மாளின் வீடு போய்விட்டது.

 பிறகு வாசோ, நாற்காலி போன கோபமும் சேர, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அழகு கெடுக்கலய்யா உன்னை. அசிங்கமும் கெடுக்கல. உன் வாய் கெடுத்துச்சு."

சால்வு தன் பச்சைச் சிமெண்டின் ஓரத்தில் மதில்மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. எழுபது வயதில், நாலு செத்த காருக்கும் ஒரு மதில் நிறைய உள்ளாடைக்கும் முன்னால், துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதார். மரிசா மெத்தைகளைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"லாவெண்டர் எல்லாம் வச்சு, அப்புறம் இந்தக் கூத்தையும் அடிச்சு... இத்தனையும் எதுக்குப்பா?"

"இல்ல, ஸ்டேஷன் கிட்ட இருக்கே, உனக்கு வசதியா..."

"ஸ்டேஷனை விடுப்பா."

சால்வு தரையைப் பார்த்தார். அவள் பார்வை தன்மேல் இருப்பது தெரிந்தது.

"உங்கம்மா போனப்புறமும் ரெண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன். கை அப்படியே பழகிப்போச்சு. மிச்சத்தைக் கொட்டறப்ப ஒரு மாதிரி இருக்கு. நீ பக்கத்துல இருந்தா, பிள்ளையும் இருந்தா, நல்லா இருக்கும்னு தோணிச்சு. வேற ஒண்ணுமில்ல."

மரிசா அவர் பக்கம் திரும்பினாள்.  முகத்தில் கோபமா சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நான் வீட்டைவிட்டுப் போன அன்னைக்கு, அந்தக் கதவுகிட்ட பெட்டியை வச்சுட்டு நின்னேன். நீ போகாதேன்னு சொல்லுவியான்னு நின்னேன். நீ என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"'எட்டு பத்து ரயிலைப் புடி, உக்கார இடம் கெடைக்கும்'னு சொன்ன."

 எட்டு பத்தில் இடம் கிடைக்கும் என்பது உண்மைதான். இப்போதும் கிடைக்கும். சொல்லச் சால்வுக்கு நாக்கு துடித்தது. வாழ்நாளில் முதல்முறையாக அதை அடக்கினார்.

"பத்து வருஷமாச்சு. பேக்கரி கிட்ட, ஆஸ்பத்திரி கிட்டன்னே சொல்லிட்டு இருக்க. ஒரே ஒரு தடவை வான்னு கூப்பிட்டியாப்பா?"

"வா" என்றார் சால்வு.

"எங்க வர்றது? அதான் வீடு போயிடுச்சே."

"அது போனா போகுது. என் வீட்டுல மூணு அறை இருக்கு. நான் ஒரு கட்டில்லதான் படுக்கிறேன். வா."

மரிசா ஹாமிஷைப் பார்த்தாள். ஹாமிஷ் பச்சைச் சிமெண்டைப் பார்த்தான், ஜன்னலின் இரும்புக் கம்பிகளைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். நல்ல பையன் என்று முன்னமே சொன்னேன். தோளைக் குலுக்கி, சரி என்று தலையாட்டினான்.

"அப்பா, ஆனா உன் வீட்டுல பாத்ரூம் ஒண்ணே ஒண்ணுதானே?"

வேறு ஒருநாளாக இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். ஒன்றாக இருந்தால் கழுவுவது சுலபம், தண்ணீர் மிச்சம், குழாய் ரிப்பேர் குறைவு என்று அடுக்கியிருப்பார். சால்வு மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"ஆமா, ஒண்ணுதான். காலையில உனக்கு முன்னால நான் போயிடுவேன், வெளிய வர நேரமாகும். ஜன்னல் சரியா சாத்தாது. வீடும் பாக்க நல்லா இருக்காது, தெருவும் நல்லா இருக்காது. ஒரு வசதியும் கிடையாது. நீ வா."

"வர்றேம்ப்பா" என்றாள் மரிசா.